கடலூரில் லோடு வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தொழிலுக்கு வண்டி வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி வண்டி நல்லா இருக்கும்?" என்பதுதான். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வரும் மேஸ்திரி, பிளம்பர், தோப்புக்காரர் எல்லோரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கடைக்கு லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவன், தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. கம்பெனிப் பேச்சுக்குப் போவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: உங்கள் சரக்கை ஏற்றும்போது முதலில் தீர்வது எடையா, இடமா?

பெரும்பாலானவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் எத்தனை பெரிய வண்டி வேண்டும் என்பதில் பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே வந்துவிடும்.

எங்கள் கடைச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, 2005-ல் வந்ததிலிருந்து முக்கால் டன் வண்டி என்றே பெயர் வாங்கியது. 750 கிலோ. அதன் தளம் ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அந்தத் தளத்தில் எம்-சாண்டை அரை அடி உயரத்துக்குப் பரப்பினாலே 750 கிலோ ஆகிவிடும். ஒரு சாண் உயரம்கூட இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி காலியாகத்தான் தெரியும். "இன்னும் இவ்வளவு இடம் கிடக்கே" என்று கூடையைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பக்கப் பலகை மட்டத்துக்கு மணல் ஏறிவிட்டால் ஒன்றரை டன். சிமெண்டும் அப்படித்தான். 50 கிலோ மூட்டை பதினைந்தோடு கணக்கு முடிகிறது. டிரைவரும் ஒரு ஆளும் ஏறினால் அதுவும் குறையும்.

அதே வண்டியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஏற்றுங்கள். காலி டேங்க், இரண்டு பேர் அலட்டாமல் தூக்கிவிடலாம். ஆனால் இரண்டு டேங்க் நின்றதும் தளம் முடிந்துவிடும். எடை நூறு கிலோகூட வராது. இருபதடி பி.வி.சி. பைப்பும் இதே கதை: எடை ஒன்றுமில்லை, நீளம்தான் படுத்தும். இந்தச் சரக்கு ஓட்டுகிறவருக்கு ஒன்றரை டன் வண்டி எதற்கு? அவருக்கு வேண்டியது நீளமான தளமும், கேபினுக்கு மேலே நல்ல ஸ்டாண்டும்.

கம்பி மட்டும் இரண்டு பக்கமும் இடிக்கும். பன்னிரண்டு எம்.எம். கம்பி, முழு நீளம் 12 மீட்டர், ஒன்று 10 கிலோவுக்கு மேல். மடக்கினாலும் இருபதடி. எடையும் உண்டு, நீளமும் உண்டு. வண்டியின் பின்பக்கம் கம்பி நீட்டிக்கொண்டு போகக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி நேரத்தில் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அந்த நுனி தெரியவே தெரியாது. கம்பி அதிகம் ஓட்டுகிற கடைக்காரர்கள் சின்ன வண்டியில் சமாளிக்கப் பார்க்காமல் நீளமான பாடி உள்ள வண்டிக்கே போகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, சரக்கு எடைச் சரக்கு என்று தெரிந்துவிட்டது. எத்தனை டன் வண்டி? இங்கேதான் நிறைய பேர் விளம்பரத்தில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். டாடா இன்ட்ராவில் வி10 என்றால் ஒரு டன், வி30 என்றால் 1.3 டன், வி50 என்றால் ஒன்றரை டன். 2011-ல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டியாக வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப் 1.3 டன்னிலும் இருக்கிறது, 1.7 டன்னிலும் இருக்கிறது. இந்த எண்ணெல்லாம் கம்பெனி போட்டுக்கொடுத்த பாடியோடு, வேறு எதுவும் சேர்க்காத வண்டிக்கு.

ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இரண்டு எடை இருக்கும். ஒன்று அன்லேடன், வெறும் வண்டி. இன்னொன்று லேடன், அதாவது வண்டி, சரக்கு, ஆள், டீசல் எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவுக்குப் போகலாம் என்பது. லேடன் எடை மாறாது. வெறும் வண்டியின் எடையை நாம்தான் ஏற்றிக்கொண்டே போகிறோம். உயரமான கம்பிக் கூண்டு, தளத்துக்குத் தடித்த செக்கர் பிளேட், முன்னால் பம்பர், மேலே கேரியர், தார்ப்பாய், கயிறு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: லேடன் எடை 2,900 கிலோ, வெறும் வண்டி 1,450. தாளில் 1,450 கிலோ சரக்கு. கூண்டும் பிளேட்டும் 150 கிலோ, டிரைவரும் லோடுமேனும் 140 கிலோ என்று வைத்தால் மிஞ்சுவது 1,160. கிட்டத்தட்ட 300 கிலோ போய்விட்டது. ஆறு மூட்டை சிமெண்ட்.

அதனால் பாடி கட்டி முடித்ததும் வண்டியை நேராக எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். டேங்க் நிறைய டீசல், டிரைவர், உடன் வரும் ஆள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் என்று தினமும் போவது போலவே போய் நில்லுங்கள். வருகிற எடையை ஆர்.சி.யில் உள்ள லேடன் எடையிலிருந்து கழித்தால் அதுதான் உங்கள் வண்டி சுமக்கும் நிஜமான சுமை. அந்த எண்ணை டேஷ்போர்டில் எழுதி ஒட்டச் சொல்வேன். எடைமேடைக் கூலி ஒன்றும் பெரிய தொகை இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது 3,000 கிலோ கோடு. மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். பல கம்பெனிகள் தங்கள் வண்டியை 2,900, 2,990 என்று அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு ஊர்க்காரருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை. அங்கே புதுச்சேரி வந்துவிடுகிறது. காலையில் கடலூர், மதியம் பாகூர், சாயங்காலம் மறுபடி கடலூர் என்று ஓடுகிற வண்டிகள் நம்மிடம் எத்தனையோ. 3,000-க்கு மேலே போனால் பர்மிட் எடுக்கவேண்டும், அது இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற பர்மிட்டாகவும் இருக்கவேண்டும். தினமும் எல்லை தாண்டுகிற சின்ன வியாபாரிக்குக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வண்டிதான் நிம்மதி. லைசென்ஸைப் பொறுத்தவரை குழப்பம் தீர்ந்துவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

"அதெல்லாம் சரிண்ணே, கமான் கட்டுல ரெண்டு பட்டை சேத்துட்டா தாங்காதா?" இதைக் கேட்காத ஆள் இல்லை. கமான் என்பது அச்சோடு சேர்ந்த, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். பட்டை சேர்த்தால் கமான் தாங்கும். வண்டி பின்னால் உட்காராமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்கத் தெம்பாக இருக்கும். ஆனால் அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டயர் அதே டயர், பிரேக்கும் அதே பிரேக். எடை இரண்டு மடங்கானால் அதே வேகத்திலிருந்து நிற்க பிரேக் விழுங்கவேண்டிய சூடும் இரண்டு மடங்கு. வேகத்தையும் இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. பட்டை சேர்த்த வண்டியின் ஆபத்தே, அது அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறது என்பதை வெளியே காட்டாமல் மறைத்துவிடுவதுதான். 2019-ல் திருத்திய சட்டத்தில் அதிக சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று அபராதம் வைத்திருக்கிறார்கள். அபராதம் கிடக்கட்டும். அந்த வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிற பையன் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. முதலாளி இதை நினைத்துவிட்டுத்தான் மூட்டையை எண்ணவேண்டும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். முதுநகர்த் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி நெய்வேலி, வடலூர் பக்கம் ஓட்டுகிறவர் என் சித்தப்பா. அக்கா வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி, பலா வியாபாரம். இரண்டு பேர் சரக்கும் என்னுடையதைப் போல ஆண்டு முழுக்க ஒரே சீராக வருவதில்லை.

மீனில் ஏமாற்றுவது ஐஸ். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அதைக் குறைத்தால் மீன் கெடும். ஆக ஒரு டன் வண்டியில் ஒரு டன் மீன் போகாது, அரை டன் மீன்தான் போகும். பெட்டியின் எடையும் அதிலிருந்து போகும். மீன்காரர்கள் வண்டி பார்க்கும்போது ஏலத்தில் எடுக்கப்போகும் மீனை மட்டும் கணக்குப் போட்டு, ஐஸை மறந்துவிடுவார்கள். சித்தப்பா மறக்கமாட்டார். அவரிடம் கேட்டால், "ஐஸும் மீனுதான்டா, அதுக்கும் சேத்துதான் வண்டி" என்பார். போகப் போக ஐஸ் உருகி எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் சாலையில் ஒழுகக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலும் இறங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் சேஸிஸ் மடிப்புக்குள் போய்த் தங்கினால் மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். தளத்தில் சரிவு கொடுத்து ஒரு மூலையில் குழாய் வைத்து, கேனில் பிடித்துக்கொள்ளவேண்டும். சாயங்காலம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவவேண்டும்.

பலா வேறு மாதிரி. பழம் ஒன்று பத்துக் கிலோவும் இருக்கும், முப்பது கிலோவும் இருக்கும். மூட்டையைப் போல அடுக்க முடியாது, நடுவில் நடுவில் சந்து விழும். அதனால் எடையும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தீரும். உயரமான கூண்டு கட்டிவிட்டால் மட்டும் எடை மீறிவிடும். முந்திரிக்கொட்டை மூட்டை 80 கிலோ. 1.3 டன் வண்டியில் ஆள், பாடி கழித்துப் பன்னிரண்டு மூட்டைக்கு மேல் ஏற்றாதீர்கள். தோப்புக்குள் போகிற செம்மண் பாதையில் மழை பெய்துவிட்டால் இன்னொரு தொல்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரம்தான் ஓட்டும் சக்கரம். காலி வண்டியில் பின்பக்கம் எடை இல்லாததால் சேற்றில் வெறுமனே சுற்றும். போகும்போது மாட்டிக்கொள்ளும் வண்டி, சரக்கு ஏற்றியபின் அதே பாதையில் ஏறி வந்துவிடுவதைப் பார்க்கலாம். தோப்புக்கு வண்டி வாங்குகிறவர்கள் டன்னைப் பார்க்கிற அளவுக்குத் தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் என்பதையும் டயரின் பட்டனையும் பார்க்கவேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகத்து வண்டிகளில் நிறைய அப்போது சும்மா நிற்கும். வட்டி மட்டும் நிற்காது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் மும்முரமாக இருப்பதும் அதே மாதங்களில்தான்! ஒருவருக்கு வண்டி சும்மா கிடக்கும் நேரம், இன்னொருவருக்கு வண்டி போதாத நேரம். சித்தப்பா வண்டியில் நிரந்தரமாக மூடிய ஐஸ் பெட்டி கட்டாமல், திறந்த பாடியில் கழற்றி வைக்கிற பெட்டிகளாகப் போட்டுக்கொண்டது இதனால்தான். தடைக்காலம் வந்ததும் பெட்டியை இறக்கிவிட்டு, வண்டியைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, பலாவுக்கு ஓட்டுவார். மூடிய பாடியில் மீன் இன்னும் நல்லபடி போகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது மீனைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. ஒரே வண்டி வைத்திருக்கிற மனிதருக்கு நான் திறந்த பாடியைத்தான் சொல்வேன்.

அக்கா வீட்டுக்காரர் புது வண்டி பார்த்தபோது எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. சீசனில் ஒரே நாளில் நாலைந்து டன் வரும், அதனால் இருப்பதிலேயே பெரிய பிக்கப்பை எடுத்துவிடலாம் என்று அவர் நின்றார். "மாமா, அந்த நாலைந்து டன் வருசத்துல எத்தனை நாள் வருது? மத்த நாள்ல என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டேன். மற்ற நாட்களில் அரை டன், முக்கால் டன், எப்போதாவது ஒரு டன். பெரிய வண்டிக்கு மாதத் தவணை கூடுதல், டயர் விலை கூடுதல், இன்சூரன்ஸ் கூடுதல், காலியாக ஓடினாலும் டீசல் கூடுதல். அந்தக் கூடுதலையெல்லாம் சீசன் நாட்களுக்காக ஆண்டு முழுக்கச் சுமக்கவேண்டும். அதைவிட, வழக்கமான நாளின் சரக்குக்குச் சற்று மேலே தாங்குகிற வண்டியை வாங்கிக்கொண்டு, சரக்கு குவிகிற நாளில் ஐஷர் லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொள்வது லாபம். அவர் கடைசியில் 1.3 டன் வண்டி எடுத்தார். சீசனில் வாடகை வண்டிக்காரருக்கு ஒரு போன் போதும்.

ஆனால் சின்னதிலேயே நின்றுவிடுவதும் தப்பு. தினமும் ஒரு டன் ஓட்டுகிறவர் குட்டியானையை வாங்கினால் ஒன்று தினமும் மீறி ஏற்றுவார், இல்லை இரண்டு டிரிப் அடிப்பார். டீசலும் டிரைவரின் நேரமும் இரண்டு மடங்கு. வண்டி எப்போதும் அதன் கடைசி எல்லையில் ஓடினால் கிளட்ச் முதலில் போகும், பிறகு பின் அச்சு பேரிங். என் அனுபவத்தில் வழக்கமான சுமை, வண்டியின் நிஜமான கொள்ளளவில் முக்காலுக்குள் இருந்தால் வண்டி உழைக்கும்.

தெருவையும் பார்க்கவேண்டும். முதுநகர்ச் சந்துகளிலும், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சரக்கு இறக்குகிறவருக்கு டன்னைவிட வண்டி எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புகிறது என்பதே பெரிது. குட்டியானை இன்றுவரை அங்கே அசைக்க முடியாமல் நிற்பது அதனால்தான்.

இழுவை பற்றியும் கேட்கிறார்கள், முக்கியமாக வெளிநாட்டு வீடியோ பார்க்கிற பையன்கள். அமெரிக்காவில் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிக்கப்புகளைப் பிரிப்பார்கள். ஃபோர்டு எஃப்-150 அரை டன், எஃப்-250 முக்கால் டன், எஃப்-350 ஒரு டன். அது பழைய காலத்துப் பிரிவின் பெயர் மட்டும்தான். இன்றைய எஃப்-150 அரை டன்னுக்கு மேலேயே சுமக்கும், தகுந்த எஞ்சினும் கொக்கியும் இருந்தால் 6 டன் டிரெய்லரையும் இழுக்கும். அங்கே வீட்டுக்கு வீடு படகு, குதிரை ஏற்றும் டிரெய்லர், கேரவன் என்று இழுக்கிறார்கள். அவர்கள் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கும். நம் பக்கம் இழுக்கிற வேலை டிராக்டருடையது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போவது டிராக்டர் டிரெய்லரில். தாழங்குடா, தேவனாம்பட்டினம் மணலில் படகை இழுக்க வேண்டுமென்றாலும் பெரிய சக்கரமும் மெதுவான கியரும் உள்ள டிராக்டர்தான் ஏற்றது.

நம் ஊரில் பிக்கப் நிஜமாக இழுப்பது ஒன்றே ஒன்று: கான்கிரீட் கலவை மிஷின். என் தொழிலோடு சேர்ந்தது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஹாப்பர், அதாவது ஜல்லி, மணல் கொட்டும் தொட்டி, வைத்த மிஷின் ஒரு டன்னுக்குக் குறையாது. அதற்கு பிரேக் கிடையாது, பின்விளக்கு கிடையாது, ஸ்பிரிங்கும் பெயருக்குத்தான். அதைக் குட்டியானைக்குப் பின்னால் கயிறும் கொக்கியும் போட்டுக் கட்டி இழுத்துப் போகிறார்கள். இழுக்கிற வண்டியே ஒரு டன்னுக்குள், பின்னால் வருவதும் ஒரு டன். பிரேக் அடித்தால் மிஷின் முன் வண்டியைத் தள்ளும். வளைவில் அடித்தால் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கயிறு கூடவே கூடாது, கெட்டியான கம்பிச் சட்டம் வேண்டும். சட்டத்தின் நுனி கொக்கியில் கொடுக்கும் எடையும் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். பொதுவாக இழுக்கிற பொருளின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்காரவேண்டும், அதற்குக் குறைந்தால் பின்னால் வருவது ஆட ஆரம்பிக்கும். தளத்தில் முழுச் சரக்கும் ஏற்றிக்கொண்டு பின்னால் மிஷினையும் கட்டுவது கொலைக்குச் சமம். இழுக்கிற வண்டி, இழுபடுவதைவிட நன்றாகக் கனமாக இருக்கவேண்டும். முடிந்தால் மிஷினை டிராக்டரில் அனுப்புங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

கடைசியாக, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. கடலோர ஊரில் பழைய பிக்கப் பார்க்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸ் இரும்பைச் சின்ன சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கவேண்டும், மொத்தென்று கேட்கிற இடத்தில் துரு தின்றிருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கமான் கட்டில் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனிக் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வண்டி எவ்வளவு சுமந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. டயரின் பக்கவாட்டில் பிளை, லோடு எண் எழுதியிருக்கும். பின்னால் கார் டயர் மாட்டி ஏமாற்றியிருக்கிறார்களா பாருங்கள். எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். ஏழெட்டு ஆண்டு ஆன வண்டியில் அந்தச் செலவையும் விலையில் பேசிக் குறைக்கவேண்டும். பின் அச்சுக்கு மேலே சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து கையைத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.